மூன்றாம் எண் அறையில் ஆளில்லை

கெட்லர் கவுண்டி கல்லூரியின் கணிதக் கட்டடத்தில் இரண்டாம் எண் அறையைத் தாண்டினால் நான்காம் எண் அறை வரும். நடுவே பதினான்கு அடிக்கு வெளிர்மஞ்சள் சுவர், அதில் சட்டம் போட்டு மாட்டிய ஒரு வாசகம்: "மதிப்பிடும் முன் சுருக்கு." புதிதாகச் சேர்பவர்கள் மூன்று எங்கே என்று கேட்பார்கள். இரண்டு வாரத்தில் கேட்பதை விட்டுவிடுவார்கள். ஓஹையோக்காரர்களுக்கு எதுவும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். எங்கள் குளிர்காலம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது.

என் பெயர் ரஸ் கிம்பல். இரண்டாம் எண் அறைதான் தேர்வறை. அதற்கு நான் காவல். பத்தொன்பது வருடமாக மாணவர்களின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, சீவிய பென்சிலை நீட்டுவது என் உத்தியோகம். கணிதம் படித்தவனில்லை. ஆனால் ஒரே கேள்வியைப் பத்தொன்பது வருடம் மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தால் கழுதைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கேள்வி இதுதான். x மூன்றை நெருங்கும்போது (x² − 9)/(x − 3) எதை நெருங்கும்? நேராக மூன்றைப் போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம், ஒன்றும் பிடிபடாது. அதனால் மேலே இருப்பதை (x − 3)(x + 3) என்று பிரித்து, மேலும் கீழும் பொதுவாக இருக்கிற (x − 3)-ஐ அடித்துவிட வேண்டும். மிஞ்சுவது x + 3. இப்போது மூன்றைப் போட்டால் ஆறு. வேலை முடிந்தது. ஒரே ஒரு மரியாதை பாக்கி: அடித்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது, சரியாக மூன்றில் அந்தக் கோவைக்கு மதிப்பே கிடையாது. ஆகவே ஓரமாக "x ≠ 3" என்று எழுதிவைக்க வேண்டும். இங்கே ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம், பார்த்து நடக்கவும் என்ற அறிவிப்பு அது.

மற்ற கல்லூரிகளில் அதை எழுத மறந்தால் வாத்தியார் கால் மதிப்பெண் குறைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். எங்கள் கல்லூரியில் அதற்கென்று சுருக்கல் குழு என ஒன்று உண்டு. அடிப்பதற்கு அனுமதி கேட்கும் படிவம் அவர்கள் கண்டுபிடிப்பு. அடிக்கும் கோடு இடமிருந்து வலமாக மேலே ஏற வேண்டும், கீழே இறங்கினால் அது அவநம்பிக்கையைக் காட்டுகிறது என்று ஒரு பருவம் முழுக்கக் கோணமானி வைத்து அளந்தார்கள். ஐம்பது டிகிரிக்கு ஏற்றிவிட்ட ஒரு பெண்ணை ஆணவத்துக்காகக் கண்டித்தார்கள். அடிபட்ட துண்டுகளை ஏழு வருடம் பாதுகாக்க வேண்டும் என்றும், அதற்கு ஓர் எழுத்தர் வேண்டும் என்றும் விதி போட்டார்கள். அந்த எழுத்தர்தான் ஓர்வில் நெஸ்பிட். அவர் இருந்த இடம் மூன்றாம் எண் அறை.

ஓர்வில் மெலிந்த மனிதர். கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்த பென்சிலால்தான் எழுதுவார். மதியம் வெங்காயம் வைத்த சாண்ட்விச் சாப்பிடுவார்; மேசை இழுப்பறைகள் எல்லாம் அந்த வாசனை அடிக்கும். அடிபட்ட ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு எழுதி, தேதி போட்டு, அது எங்கே இல்லை என்பதைக் குறித்துவைப்பார். "யாராச்சும் ஞாபகம் வச்சுக்கணும்ல ரஸ்" என்பார். அவரிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மற்றபடி நாங்கள் நெருங்கிய சிநேகிதர்கள் அல்ல.

ஆறு வருடத்துக்கு முன் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் மதிப்பீட்டாளர்கள் வருவதாகக் கடிதம் வந்தது. டீன் கரோலின் ஸ்ட்ராட்மயர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"மாணவர்களுக்கு நாம என்ன சொல்லிக் கொடுக்குறோம்? மதிப்பிடும் முன் சுருக்கு. நம்மளையே மதிப்பிட வர்றாங்க. அப்ப நாம நம்மளச் சுருக்க வேணாமா? மேல வேலையா இருக்கறதும் கீழ செலவா இருக்கறதும் ஒண்ணுன்னா அது பொதுக் காரணி. அடிச்சுரலாம். யாருக்கும் வலிக்காது. மதிப்பு மாறவே மாறாது, அதான் கணிதத்தோட அழகு."

மேலும் கீழும் பொதுவாக இருந்தவர் ஓர்வில் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அறையை மூடிச் சுவர் எழுப்ப ஆட்கள் வந்தார்கள். மூடுவதற்கு முன் "மூன்றாம் எண் அறையில் ஆளில்லை" என்று யாராவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பக்கத்து அறைக்காரன் நான். தாளை நீட்டினார்கள். எனக்குப் பல் வலி, மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். எட்டிப் பார்க்காமலே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை ஓர்விலின் பழுப்புக் கார் நிறுத்துமிடத்தில் அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமை அதன்மேல் பனி விழுந்தது. அவர் வேலைக்கு வரவில்லை என்று புகார் கொடுக்கலாம் என்றால், இல்லாத பதவியில் இருப்பவர் வராமல் போக முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மூன்றாம் வாரம் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரத்தில்தான் சுவருக்குப் பின்னால் பென்சில் சத்தம் எனக்கு முதலில் கேட்டது. சர், சர், சர், பிறகு ஒரு இழுப்பறை மூடுகிற சத்தம். ஆறு வருடம் கேட்டேன். வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன்.

மதிப்பீட்டாளர்கள் அந்த வருடம் வரவில்லை. தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். இந்த வருடம்தான் நாள் குறித்தார்கள்: ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

அதே வெள்ளிக்கிழமையில்தான் டார்லா ஹென்ஷாவின் தலையெழுத்தும் மாட்டிக்கொண்டிருந்தது. டார்லாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். போன வருடம் அவளுடைய தடத்தை எடுத்துவிட்டார்கள். ஏரிக்கரை மின்நிலையத்தில் பயிற்சிக்கு அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் நுண்கணிதத்தில் தேறிய தாளைக் காட்டினால் இடம் அவளுக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு. தேறுவதற்கு அவளுக்கு ஒரே ஒரு கேள்வியின் மதிப்பெண்தான் பற்றாக்குறை. நான் மேலே சொன்ன கேள்விதான். ஆறு என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை சுருக்கல் குழு அவளை விசாரித்தது. பென்சில் கொடுக்க நானும் உள்ளே இருந்தேன். நான்கு பேர் தலையாட்டினார்கள், டீன் பேசினார்.

"விடை ஆறுதானே கண்ணு?" என்றாள் டார்லா. பேருந்தில் ஏறுகிற எல்லோரையும் கண்ணு என்று கூப்பிட்டுப் பழகியவள்.

"ஆறுதான். அத யாரும் மறுக்கல. என்னை டாக்டர் ஸ்ட்ராட்மயர்னு கூப்பிடணும்."

"சரிங்க டாக்டர் கண்ணு. அப்புறம் எதுக்குச் சைபர்?"

"நீங்க அடிச்சீங்க, ஆனா x மூணு இல்லன்னு எழுதல. அதாவது, ஒரு ஓட்டைய அனுமதியில்லாம மூடியிருக்கீங்க. இது கவனக்குறைவு இல்ல, கட்டட வேலை."

"மறந்துட்டேன். ஒரு மார்க்கு குறைச்சுக்கங்க."

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடை சரியா வர்றது ஒரு தற்செயல், மிஸஸ் ஹென்ஷா. நடைமுறை சரியா இருக்கறதுதான் கல்வி. போன வருஷம் நூத்திப்பன்னெண்டு பேரு தப்பான விடையும் சரியான நடைமுறையுமா இங்கேர்ந்து தேறிப் போனாங்க. அவங்கள நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. அதுல ரெண்டு பேரு இப்ப பாலம் கட்றாங்க."

நான்கு தலைகளும் பெருமையோடு ஆடின.

"இதுக்குப் பரிகாரமே இல்லியா?"

"இருக்கே. விதி பதினாலு. விடுபட்ட நிபந்தனைக்கு மூணாம் நம்பர் அறை அலுவலர் கையெழுத்துப் போட்ட சான்று கொண்டுவந்தா போதும்."

"அந்த அறை எங்க இருக்கு?"

"அப்படி ஒரு அறை இல்ல."

"அப்ப எப்படிங்க வாங்குறது?"

"அது உங்க முயற்சியப் பொறுத்தது" என்றார் டீன். "நாங்க யாரோட முயற்சிக்கும் குறுக்க நிக்கறதில்ல."

டார்லா அந்தச் சான்றுக்கான வெற்றுப் படிவத்தோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்துத் துடைக்கும் தாளை எடுத்து வைத்தேன். அவள் அழவில்லை, தலையைச் சாய்த்துக்கொண்டு, "அந்த ரேடியோவ கொஞ்சம் நிறுத்துங்க ரஸ்" என்றாள்.

நிறுத்தினேன். சர், சர், சர்.

"எலி" என்றேன்.

"எலி இழுப்பறைய மூடுமா?"

அவள் எழுந்து போனாள். நடையைச் சுற்றிக்கொண்டு நான்காம் எண் அறைக்குப் போய், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிற அந்த அறையில், மறுபக்கச் சுவரில் காதை வைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "அந்தப் பக்கமும் அதே சத்தம்தான். ரெண்டு பக்கமிருந்தும் ஒண்ணாதான் கேக்குது."

இடப்பக்கமிருந்து நெருங்கினாலும் வலப்பக்கமிருந்து நெருங்கினாலும் ஒன்றையே சேர்ந்தால், நடுவில் ஓட்டை இருந்தாலும் அங்கே என்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். நுண்கணிதத்தில் முதல் வாரப் பாடம் இது.

மூன்று அறைகளுக்கும் பொதுவாக வெப்பக்காற்றுக் குழாய் ஒன்று ஓடுகிறது. சுவரின் அடியில் தகரக் கம்பி போட்ட ஒரு வாய் உண்டு. தட்டையாக எதுவும் நுழையும். டார்லா மண்டியிட்டுப் படிவத்தை அதற்குள் தள்ளினாள். பென்சில் சத்தம் நின்றது. இருவரும் நான்காம் எண் அறைக்கு ஓடினோம். அங்கிருந்த குழாய் வாயில் படிவம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "x ≠ 3" என்று பொடி எழுத்தில் எழுதி, அன்றைய தேதி போட்டு, கீழே கையெழுத்து: ஓ. நெஸ்பிட். தாளில் வெங்காய வாசனை அடித்தது.

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பல் வலியையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "எட்டிக்கூடப் பாக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இருவருமாகக் கொண்டுபோய்க் காட்டிய படிவத்தைப் பார்த்ததும் டீனின் முகத்தில் ரத்தம் வற்றியது. சற்று நேரத்தில் தானாகவே திரும்பி வந்தது. அவருக்குப் பயிற்சி இருக்கிறது.

"இந்தக் கையெழுத்து நெஜம்னா உள்ள ஒருத்தர் இருக்கார். உள்ள ஒருத்தர் இருந்தா நாம ஒரு மனுஷன வச்சுச் சுவர் எழுப்பியிருக்கோம். நாம அப்படிப்பட்ட நிறுவனம் இல்ல. ஆகவே இந்தக் கையெழுத்து இல்ல." ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மூணாம் நம்பர் அறையில ஆளில்ல, சத்தம் எதுவும் கேக்கல. போட்டீங்கன்னா உங்கள நானே தேர்ச்சி பண்ணிடறேன். மதிப்பீட்டாளர்கள் வர்ற நேரத்துல வீண் பேச்சு வேணாம் பாருங்க."

தாளைப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் நான் போட்ட அதே தாள். போடு டார்லா, போட்டுவிட்டுப் பிழைத்துக்கொள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவளும் போட்டுவிட்டால் தப்புச் செய்தவன் நான் மட்டும் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா.

டார்லா என்னிடமிருந்து பென்சிலை வாங்கினாள். அதைத் தாளின்மேல் படுக்க வைத்தாள்.

"கண்ணு, நான் பதினேழு வருஷம் பஸ் ஓட்டினவ. கடைசிப் பிள்ளைய எறக்கிவிட்டதும் வண்டிய நிறுத்திட்டு, சீட்டு சீட்டா குனிஞ்சு பாத்துக்கிட்டே கடைசி வரைக்கும் நடக்கணும். பின்கண்ணாடியில 'காலி'ன்னு ஒரு அட்டைய மாட்டணும். அப்பதான் எறங்கலாம். எத்தனை நாள் கால் வலிச்சிருக்கும், எத்தனை நாள் பனி பேஞ்சிருக்கும். முன்னாடியே உக்காந்து ஒருநாள்கூட மாட்டினதில்ல. மூணு தடவ பிள்ளைங்க தூங்கிட்டிருந்துச்சு. பாத்துட்டுன்னா போடறேன். பாக்காம எனக்குக் கை வராது."

"பாக்கறதுக்கு வழியில்லயே, சுவரு இருக்கே" என்றார் டீன் திருப்தியோடு.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு டார்லா ஒரு சுத்தியலோடு வந்தாள். அவசரத்துக்குப் பேருந்தின் கண்ணாடியை உடைக்கிற சிவப்புப் பிடிச் சுத்தியல். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இதை மட்டும் கொடுக்க மறந்திருந்தாள். நான் சட்டத்தில் போட்ட வாசகத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் வந்திருந்தது. செங்கல் இல்லை, வெறும் அட்டைச் சுவர்தான், பத்து நிமிடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு உடைந்துவிட்டது.

உள்ளே மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் கட்டைவிரல் அளவுப் பென்சில், பாதி கடித்த சாண்ட்விச். சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தன, நேற்று வரைக்கும். நாற்காலியில் யாரும் இல்லை. டார்லா கையை உள்ளே விட்டு இருக்கையைத் தொட்டாள்.

"சூடா இருக்கு ரஸ்."

அறை நீளமானது. விளக்கு வெளிச்சம் முதல் வரிசை இழுப்பறைகளோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து சர், சர் என்று கேட்டது. டார்லா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். "பின்னாடி வரைக்கும் போய்ப் பாக்கணும்" என்றாள்.

அப்போது நடையின் முனையில் செருப்புச் சத்தம். டீனும் அவருக்குப் பின்னால் மூன்று மதிப்பீட்டாளர்களும் வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் வாழ்நாளில் பார்த்த எந்தக் கல்லூரியிலும் சுவரில் இப்படி ஓர் ஓட்டையைப் பார்த்திராத மூவரும் நின்றார்கள்.

"இது என்னங்க?" என்றார் மூத்தவர்.

டீன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நுண்கணிதத்துல வர்ற நீக்கத்தக்க ஓட்டை. பாடத்த நாங்க கட்டடத்துலயே காட்டறோம். இது எங்க நிபந்தனை அலுவலகம். ஆறு வருஷமா ஒரு நாளும் ஓய்வில்லாம நடக்குது. இந்த வாரம் குடுத்த சான்றக்கூடப் பாருங்க." டார்லாவின் கையிலிருந்த படிவத்தை உருவி அவரிடம் நீட்டினார். "இந்த அம்மா இதனாலதான் தேறியிருக்காங்க."

மூத்தவர் தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. அலுவலர் எங்க?"

டீன் என்னைப் பார்த்தார். டார்லாவும் பார்த்தாள். நடைக் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. அலுவலர் யாரும் இல்லை என்று நான் சொன்னால் அந்தப் படிவம் வெறும் காகிதம், ஏரிக்கரை வேலை அடுத்தவருக்கு. ஆறு வருடமாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இப்போது நின்றிருந்தது, என் பதிலுக்குக் காத்திருப்பதைப் போல.

"நான்தான்" என்றேன்.

ஓட்டை வழியாக நுழைந்து, போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சூடு முதுகு வரை ஏறியது. டீன் பதினொன்று நாற்பதுக்கு டார்லாவின் தேர்ச்சித் தாளில் கையெழுத்திட்டார். அவள் ஓடுவதற்கு முன் தலையை உள்ளே நீட்டி, "பின்னாடி வரைக்கும் நடந்து பாருங்க ரஸ். பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்றாள். சரி என்றேன்.

மதிப்பீட்டாளர்கள் எங்களுக்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தார்கள். ஓட்டை மட்டும் பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று ஒரு வரி எழுதினார்கள். அவர்கள் நான்கு மணிக்குப் புறப்படும் வரை நான் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது டீனின் உத்தரவு. சுவர்க்காரர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். என் பழைய வேலைக்கு அதற்குள்ளாகவே எடுத்துவிட்டிருந்த புது ஆளிடம் தாளை நீட்டினார்கள். அவருக்கு என்ன வலியோ, பாவம், எட்டிப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். நான் கத்தினேன். வானொலி சத்தமாக வைத்திருந்தார்கள்.

டார்லா மின்நிலையத்தில் சேர்ந்துவிட்டாள். வேலை முடிந்து தினமும் வருகிறாள்; குழாய் வழியாகத் தட்டையான பாலாடைக்கட்டித் துண்டும் ரொட்டியும் தள்ளுகிறாள். சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சுவரை உடைக்க அவள் முறைப்படி விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். குழு மறுக்கவில்லை, அவர்கள் யாருடைய முயற்சிக்கும் குறுக்கே நிற்பதில்லை. ஒரே ஒரு சான்று மட்டும் கேட்கிறார்கள்: உடைக்கும் அறையில் வேறு ஆளில்லை என்று மூன்றாம் எண் அறை அலுவலர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படிவம் என் மேசைமேல் இருக்கிறது. இன்றோடு மூன்று வாரம்.

பார்க்காமல் போட்டுக் கொடுக்க எனக்கு இரண்டு நொடி ஆகும். ஒவ்வொரு மாலையும் குழாய்க்கு அந்தப் பக்கம் டார்லா மண்டியிட்டுக் கேட்கிறாள், "பாத்தாச்சா ரஸ்?" இன்னும் இல்லை என்கிறேன். அவள் வற்புறுத்துவதில்லை. "பாத்துட்டே போடுங்க, நான் நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பின்னால் முப்பது அடி இருக்கலாம். எழுந்து நடந்தால் பன்னிரண்டு எட்டு. நான் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் அங்கே சத்தம் நின்றுவிடுகிறது. நேற்று ஒரு சீட்டு இருட்டிலிருந்து தரையில் வழுக்கிக்கொண்டு வந்து என் காலில் முட்டியது. ஆறு வருடத்துக்கு முந்தைய தாள்: மூன்றாம் எண் அறையில் ஆளில்லை, ரஸ் கிம்பல். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் பென்சிலால் ஓர்வில் திருத்தியிருந்தார்: நிபந்தனை விடுபட்டுள்ளது, ஒரு மதிப்பெண் குறைவு, மறுபடி செய்யவும்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நிற்கிறேன். ஓர் எட்டு வைத்துவிட்டேன்.